பதினெட்டுக் கேள்விகளின் பயணம்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு மனநல மருத்துவமனையில், முதியவர்கள் முன்னால் புதுவகை விளையாட்டுச் சாமான்களும் ஒரு வீடியோ கேமும் வைக்கப்பட்டன. யார் கையை நீட்டுகிறார், யார் ஈடுபட்டு ஆடுகிறார், யார் பார்த்தும் பாராமல் இருக்கிறார் என்று ஆய்வாளர்கள் குறித்துக்கொண்டார்கள். ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 123 பேர். சிலருக்குப் பக்கவாதத்தால் மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டிருந்தது, சிலருக்கு இடப்பாதி. சிலருக்கு அல்சைமர், சிலருக்குக் கடுமையான மனச்சோர்வு. நோய் எதுவும் இல்லாத முதியவர்களும் இருந்தார்கள்.

விளையாட்டுச் சாமானைத் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. மருந்து சாப்பிடு என்றால் கடமைக்குச் சாப்பிடலாம். கேட்ட கேள்விக்கு மரியாதைக்குப் பதில் சொல்லலாம். விளையாடத்தான் வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. ஆசை உள்ளிருந்து வந்தால்தான் கை நீளும். அந்த ஆசையை அளப்பதற்காகத்தான் ராபர்ட் மாரின் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு கேள்வித்தாளைத் தயாரித்திருந்தார்கள். தாளில் விழும் புள்ளி, விளையாட்டுச் சாமான் முன்னால் அந்த மனிதர் நடந்துகொள்ளும் விதத்தோடு பொருந்துகிறதா என்பதும் அவர்களுடைய சோதனைகளில் ஒன்று. 1991-இல் முடிவுகள் அச்சேறின. 'அப்பதி மதிப்பீட்டு அளவுகோல்' என்ற பெயரில் அந்தத் தாள் வெளியுலகுக்கு வந்தது.

அப்பதி என்பதை நான் நாட்டமின்மை என்று எழுதுகிறேன். மறதிநோய் உள்ள வீடுகளில் இதற்கு வேறு பேச்சு இருக்கிறது. "அப்பாவுக்கு இப்ப எதுலயும் ஒட்டுதலே இல்ல." "வேணும்னே பண்றாரு." "சொன்னா செய்வாரு, தானா எந்திரிக்க மாட்டாரு." முதல் வாக்கியத்தில் வருத்தம், இரண்டாவதில் கோபம். மூன்றாவதுதான் மருத்துவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டியது. அதில் நோயின் அடையாளம் அப்படியே இருக்கிறது: உடலில் வலு உண்டு, செய்யத் தெரியும், ஆனால் தொடங்குவதற்கான உந்துதல் உள்ளிருந்து எழுவதில்லை.

மாரினுக்கு முன்பும் மருத்துவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது எப்போதும் வேறொன்றின் நிழலாகவே எழுதப்பட்டது. மனச்சோர்வின் ஒரு பகுதி என்றார்கள். மூளையின் முன்மடல் அடிபட்டதால் வந்த பல குறைகளில் ஒன்று என்றார்கள். மாரின் அதைத் தனியாகப் பிரித்து நிறுத்தினார். விழிப்புநிலை மங்கியதால் இல்லை, அறிவு குறைந்ததால் இல்லை, மனம் வேதனைப்படுவதால் இல்லை. இவற்றைக் கழித்த பிறகும் ஊக்கம் குறைந்திருந்தால் அது தனியொரு நோய்க்கோலம் என்பது அவர் வாதம். ஊக்கத்தையும் மூன்று இடங்களில் தேடச் சொன்னார். மனிதர் என்ன செய்கிறார், என்ன நினைக்கிறார், செய்வதிலும் நினைப்பதிலும் எவ்வளவு உணர்ச்சி கலந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்து இறங்கியிருக்க வேண்டும்.

தாளில் 18 வரிகள். ஒவ்வொன்றுக்கும் 'கொஞ்சமும் இல்லை' என்பதிலிருந்து 'நிறைய' என்பது வரை நான்கு படிகள். குறைந்த கூட்டல் 18, கூடிய கூட்டல் 72. எண் ஏற ஏற நாட்டம் குறைகிறது என்று பொருள். புதியவற்றைக் கற்பதில் ஆர்வம் உண்டா, நண்பர்களைச் சந்திப்பது அவருக்கு முக்கியமா, நல்லது நடந்தால் மகிழ்ச்சி பொங்குகிறதா, அன்றாடம் என்ன செய்வதென்று இன்னொருவர் சொல்லவேண்டியிருக்கிறதா என்ற போக்கில் வரிகள் போகின்றன. தாள் மூன்று உருவங்களில் பிறந்தது. நோயாளி தாமே நிரப்புவது ஒன்று, அவரை நன்கு அறிந்த உறவினர் நிரப்புவது ஒன்று, மருத்துவர் நேரில் பேசி நிரப்புவது மூன்றாவது.

மூன்றாவது உருவத்தின் தொடக்கத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இந்தத் தாள் போன இடமெல்லாம் முதலில் தொலைந்துபோனது அந்தத் தொடக்கம்தான்.

மருத்துவர் எடுத்தவுடன் வரிகளுக்குள் போவதில்லை. கடந்த 4 வாரங்களை மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள் என்று கூறிவிட்டு, உங்களுக்கு எதிலெல்லாம் விருப்பம் என்று கேட்கிறார். வீட்டுக்குள்ளாக இருக்கலாம், வெளியிலாக இருக்கலாம். தனியாகச் செய்வதாகவோ பலரோடு சேர்ந்து செய்வதாகவோ இருக்கலாம். இப்போது செய்ய முடியாதவற்றையும் சொல்லலாம். குளிர்காலத்தில் நீந்த முடியாது, ஆனாலும் நீச்சலில் ஆசை இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உதாரணமே தரப்பட்டிருக்கிறது. அடுத்து, உங்கள் ஒரு நாளைச் சொல்லுங்கள் என்கிறார். கண் விழிப்பதிலிருந்து தூங்கப் போவது வரை.

பிறகு கேட்டுக்கொண்டிருக்கிறார். எத்தனை விருப்பங்கள் வந்தன என்று எண்ணுகிறார், ஒவ்வொன்றிலும் எவ்வளவு விவரம் வருகிறது என்று பார்க்கிறார். "டிவி பாப்பேன்" என்று சொல்லி நிறுத்திவிடுவதும், எந்தத் தொடர், அதில் மாமியார் செய்த அக்கிரமம் என்ன என்று சூடாகச் சொல்வதும் ஒன்றாகா. பேசும்போது முகம் மலர்கிறதா, கை அசைகிறதா, குரல் ஏறி இறங்குகிறதா என்பதும் கணக்கில் சேரும். நீச்சல் உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. முட்டி வலியால் கோயில் படி ஏற முடியாத பாட்டி, தேர் என்றைக்கு என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு நாட்டம் இருக்கிறது. கால் நின்றதையும் ஆசை நின்றதையும் ஒன்றாகக் குழப்பிவிடக் கூடாது என்று அந்த ஒரு உதாரணம் காப்பு வைத்திருக்கிறது.

தாள் பிட்ஸ்பர்க்கை விட்டு விரைவாகவே கிளம்பியது. அர்ஜென்டினாக்காரரான செர்ஜியோ ஸ்டார்க்ஸ்டைனும் அவருடைய கூட்டாளிகளும் அதைச் சுருக்கி, 14 கேள்விகளாக்கி, பார்கின்சன் நோயாளிகளிடம் எடுத்துச் சென்றார்கள். 1992-இல் அது வெளியானது. கூட்டல் 0-இலிருந்து 42 வரை. 14-ஐத் தொட்டால் நாட்டமின்மை என்று ஒரு கோடும் போட்டார்கள். எளிதாக இருந்ததால் அந்தச் சுருக்கம் நரம்பியல் பிரிவுகளில் வேகமாகப் பரவியது.

ஆனால் மாரினின் தாள் மறதிநோய்க்காரர்களிடம் வந்தபோது, அதன் மூன்று உருவங்களில் ஒன்று காலொடிந்தது. நோயாளி தாமே நிரப்பும் தாள், தம்மைப் பற்றித் தமக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் நிற்பது. போன வாரம் மகன் வந்துபோனதே நினைவில் இல்லாதவரிடம் 4 வார ஆர்வங்களைக் கேட்டால் என்ன வரும்? "எல்லாம் எப்பவும் போலத்தான்." அவர் பொய் சொல்லவில்லை. தமக்கு நினைவிருக்கும் தம்மைப் பற்றிச் சொல்கிறார். தினமும் காலையில் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த மனிதராகவே தம்மை அறிந்திருக்கிறார். இப்போது அது மடிப்புக் கலையாமல் கிடப்பதை அவர் மனம் பதிவு செய்யவில்லை. தம் நோயைத் தாமே உணராமை அல்சைமரின் பாகம். அதனால் தாளின் ஒரு வரி, தம் பிரச்சினைகளைச் சரியாக உணர்ந்திருக்கிறாரா என்று கேட்பது, மறதிநோயில் ஊக்கத்தைவிட இந்த உணராமையைத்தான் அதிகம் அளந்துவிடுகிறது.

இப்படித்தான் பேனா கைமாறியது. நோயாளியின் கையிலிருந்து, அவரைப் பார்த்துக்கொள்பவரின் கைக்கு.

1994-இல் லாஸ் ஏஞ்சலஸில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கம்மிங்ஸும் குழுவினரும் இன்னொரு கருவியை வெளியிட்டார்கள். நரம்பியல்-மனநலப் பட்டியல் என்று அதைச் சொல்லலாம். மறதிநோயோடு சேர்ந்து வரும் 10 தொல்லைகளை அது விசாரித்தது: இல்லாததைக் காண்பது, சந்தேகம், ஆவேசம், மனச்சோர்வு, பதற்றம் என்று போகும் அந்த வரிசையில் நாட்டமின்மைக்கும் ஓர் இடம். பிற்பாடு தூக்கமும் பசியும் சேர்ந்து 12 ஆயின. கேள்விகள் அனைத்தும் பார்த்துக்கொள்பவரிடம்தான்; நோயாளி பக்கத்தில் இல்லாதபோது. முதலில் ஒரு நுழைவுக் கேள்வி. ஆம் என்றால் உள்ளே சென்று விவரம் கேட்பார்கள். இல்லை என்றால் அந்த அறையைத் திறக்காமலே அடுத்ததற்குப் போய்விடலாம். எவ்வளவு அடிக்கடி என்பதற்கு 1 முதல் 4, எவ்வளவு கடுமை என்பதற்கு 1 முதல் 3. இரண்டையும் பெருக்க, ஒரு தொல்லைக்கு அதிகபட்சம் 12.

மாரினின் முழு நேர்காணல் இதற்குள் ஓர் அறையாக ஒடுங்கிவிட்டது. அது இழப்புதான். ஆனால் கம்மிங்ஸின் பட்டியல் ஒரு பெரிய காரியம் செய்தது: சந்தேகம், ஆவேசம் போன்ற சத்தமான தொல்லைகளுக்குப் பக்கத்தில் சத்தமே போடாத ஒன்றையும் சம மரியாதையோடு உட்காரவைத்தது. திட்டுகிறவரை, இரவில் கதவைத் திறந்துகொண்டு போகிறவரை மருத்துவரிடம் அழைத்துப்போவார்கள். பேசாமல் உட்கார்ந்திருப்பவரை யாரும் அழைத்துப்போவதில்லை. பட்டியல் வரிசையாக எல்லாவற்றையும் கேட்டதால் அவரும் கணக்கில் வந்தார். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான கணக்கு, அல்சைமரில் மிக அதிகமாகக் காணப்படும் மனத்தொல்லை இதுதான் என்றது. ஏறக்குறைய 49 விழுக்காடு.

கம்மிங்ஸின் குழு 1998-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வும் முக்கியமானது. அல்சைமர், பார்கின்சன், ஹண்டிங்டன் உள்ளிட்ட ஐந்து வகை மூளை நோய்கள் கொண்ட 154 பேரிடம் நாட்டமின்மையையும் மனச்சோர்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கவில்லை. சிலருக்கு ஒன்று, சிலருக்கு மற்றது, சிலருக்கு இரண்டும். மாரின் வாதமாக வைத்தது எண்ணாக நின்றது. வீட்டாருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்ல நேர்வழி உண்டு: மனச்சோர்வு உள்ளவர் வலிக்கிறது என்பார், அழுவார், தாம் பாரமாகிவிட்டோம் என்பார். நாட்டமற்றவருக்கு அந்த வலி இல்லை. வருத்தமெல்லாம் பக்கத்தில் இருப்பவருக்குத்தான்.

இந்தப் பட்டியலின் சுருக்க வடிவம் ஒன்று 2000-இல் வந்தது. அதன் வழியாகத்தான் கேள்வி நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக்குழு சென்னையில் ஓரிடத்திலும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வழியாக அந்தப் பகுதிக் கிராமங்களிலும், 65 வயதைக் கடந்தவர்களை வீடுவீடாகச் சென்று பார்த்தது. குழுவின் பெயரே ஒரு முறையீடு: அன்றைய கணக்கில் மறதிநோய் உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தார்கள், ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இருக்கவில்லை. நகரத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர், கிராமத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர்.

பிட்ஸ்பர்க்கில் எழுதப்பட்ட நினைப்பு, லாஸ் ஏஞ்சலஸ் வழியாகச் சுருங்கி, தமிழ்நாட்டுத் திண்ணைக்கு வந்தபோது யாரிடம் கேட்டார்கள்? பெரும்பாலும் மருமகளிடம், மகளிடம், மனைவியிடம். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. நம் வீடுகளில் வயதானவர் சும்மா இருப்பது மரியாதை. "அத்தைக்கு நான் ஒரு வேலையும் வெக்கறதில்ல" என்று மருமகள் பெருமையோடு சொல்வாள். சமையலறைச் சாவி கைமாறி வருடங்கள் ஆகியிருக்கும். ஓய்வுபெற்ற ஆண் சாய்வு நாற்காலியில் இருந்தால், உழைத்த மனுசன், உட்காரட்டும் என்பார்கள். ஆர்வம் குறைந்துவிட்டதா என்று கேட்டால், 'வயசாச்சில்ல' என்ற பதிலில் நுழைவுக் கேள்வி 'இல்லை' என்று மூடிவிடும். உள்ளே இருப்பதைப் பார்க்காமலே அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

ஆகவே நம் வீட்டில் கேட்கும் முறை வேறாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். என்ன செய்கிறார் என்பதைவிட, முன்பு எதற்கு வாய் திறப்பார் என்று கேட்க வேண்டும். பேத்திக்கு வரன் வந்தால் ஜாதகத்தை வாங்கிப் பார்ப்பாரா? குழம்பில் புளி கூடினால் சொல்வாரா? ஊரில் இறப்புச் செய்தி வந்தால் யார் மகன், எந்தத் தெரு என்று விசாரிப்பாரா? நம் பெரியவர்களின் ஊக்கம் வேலையில் இல்லாமல் போனாலும் விசாரிப்பில் இருக்கும். அந்த விசாரிப்பு நின்றிருந்தால், நின்ற மாதத்தை வீட்டார் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

அந்த மாதம் மருத்துவருக்கு உண்மையிலேயே வேண்டிய தகவல். நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவுகளுக்கு வருபவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018-இல் வெளியான கட்டுரை ஒன்று, நாட்டமின்மை உள்ளவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு என்றது. மறதி தெரிவதற்கு முன்பே சிலருக்கு விசாரிப்பு நின்றுவிடுகிறது. முன்மடலின் உட்பகுதியும் மூளையின் ஆழத்தில் பலனை எதிர்நோக்கும் முடிச்சுகளும் சேர்ந்து, 'இதைச் செய்தால் தகுமா' என்று உழைப்பையும் பலனையும் நிறுக்கின்றன. அந்தச் சுற்று நைந்தால், எதுவும் அந்த உழைப்புக்குத் தகாததாகிவிடுகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறவர்களுக்கு இந்த ஒரு செய்தியாவது போய்ச் சேர வேண்டும்.

ஐரோப்பாவில் கேள்வி இன்னொரு திசையில் நடந்தது. பாரிஸில் ரிச்சர்ட் லெவியும் புரூனோ துபுவாவும் 2006-இல் நாட்டமின்மை ஒன்றல்ல, மூன்று வழிகளில் வரலாம் என்றார்கள்: உணர்ச்சி செயலோடு ஒட்டாமல் போவது, திட்டமிட முடியாமல் போவது, தானாகத் தொடங்கும் திறன் அணைந்துபோவது. எடின்பரோவில் 2014-இல் இதே போக்கில் 24 கேள்விகள் கொண்ட புதிய தாள் ஒன்று வந்தது. நீஸ் நகரின் ஃபிலிப் ரொபேர் தலைமையில் கூடிய வல்லுநர்கள் 2009-இல் நோயறி விதிகளை வகுத்து, 2018-இல் திருத்தினார்கள். மற்றவர்களோடு பழகுவதில் வரும் விலகலும் அப்போது தனிக் கூறாக இடம்பெற்றது. மணிக்கட்டில் கட்டி நாள் முழுக்க அசைவை எண்ணும் கருவிகளையும் சோதித்திருக்கிறார்கள். அசைவின் அளவு தெரியும். எதற்காக எழுந்தார் என்பது அதில் பதியாது.

அளவுகோலுக்கு உண்மையான சோதனை மருந்தில் வந்தது. மெதில்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்தை நாட்டமிழந்த அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓர் ஆய்வில் 60 பேர், 6 வாரங்கள், 2013-இல் வெளியானது. மாரினின் தாளைப் பார்த்தால் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் நிச்சயமான வேறுபாடு இல்லை. கம்மிங்ஸின் பட்டியலில் அதே மனிதர்களுக்கு முன்னேற்றம் தெரிந்தது. நேரில் கண்ட மருத்துவர்களின் மதிப்பீட்டிலும் மருந்து சாப்பிட்டவர்களில் 21 விழுக்காட்டினர் நன்றாகத் தேறியிருந்தார்கள், மற்ற தரப்பில் 3 விழுக்காடு. ஒரே மனிதர்கள், ஒரே 6 வாரங்கள்; எந்தத் தாளைக் கையில் எடுக்கிறோமோ அதைப் பொறுத்து மருந்து வேலை செய்கிறது அல்லது செய்யவில்லை. 200 பேரை 6 மாதம் பின்தொடர்ந்த அடுத்த ஆய்வு 2021-இல் வந்தபோது, முதன்மை அளவுகளில் ஒன்றாகக் கம்மிங்ஸின் பட்டியல் மேலேறியிருந்தது. அதில் மருந்துத் தரப்பு 1.25 புள்ளி கூடுதலாகத் தேறியது. அதிகபட்சம் 12 என்ற அளவில் 1.25. இருக்கிறது, ஆனால் சிறியது.

வீட்டில் அந்த 1.25 எப்படித் தெரியும் என்று யோசித்தால் மாரினின் முதல் பக்கத்துக்கே திரும்பிப் போகத் தோன்றுகிறது. விருப்பங்களைச் சொல்லுங்கள், ஒரு நாளைச் சொல்லுங்கள். கூட்டல் எண்ணுக்காக உருவான அந்த உரையாடலில், நோயாளியின் வாயாலும் வீட்டாரின் வாயாலும் ஒரு பட்டியல் கிடைக்கிறது: இவருக்குப் பிடித்தவை இவை, இவற்றில் எது எந்த இடத்தில் அறுபட்டது. பாரிஸ்காரர்கள் சொன்ன மூன்று வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வீட்டார் செய்யவேண்டியது வேறுவேறாகிறது. தொடங்குவதுதான் சிக்கல் என்றால் "பூப்பறிக்கப் போறீங்களா" என்று கேட்டு நிற்பதில் பயன் இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு "வாங்கப்பா" என்று கூடவே நடந்தால் வருவார், இரண்டு செடி தாண்டினால் தாமே பறிப்பார். திட்டமிடுவது சிக்கல் என்றால் ரசம் வையுங்கள் என்று சொல்லாமல், புளியைக் கரைத்துக் கொடுங்கள் என்று ஒரு படியை மட்டும் கொடுக்கலாம். அது முடிந்ததும் அடுத்தது. உணர்ச்சி ஒட்டாமல் போயிருந்தால் பேரன் முதல் மதிப்பெண் வாங்கியதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. அதை வைத்துப் பேரன் மேல் பாசம் போய்விட்டதென்று முடிவுகட்டி, அடுத்த முறை சொல்லாமல் விட்டுவிட வேண்டாம் என்று மருத்துவர் அந்தக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இதற்கு அரை மணி நேரம் ஆகும். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அந்த அரை மணியை மருத்துவரால் தர முடியாவிட்டால், பயிற்சி பெற்ற செவிலியரோ சமூகப் பணியாளரோ பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்கலாம்.